அறுக்கக் கூடாத கயிறு

அவிழாது. பார்த்த மாத்திரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது அவிழவே அவிழாது. கட்டியது யார் என்று எனக்கல்லவா தெரியும். ரயில்வே பார்சல் ஆபீஸில் ஆயுசு முழுக்க வேலை பார்த்து ரிட்டயரான என் வீட்டுக்காரர் தண்டபாணி ஒரு முடிச்சுப் போட்டாரென்றால், அந்தப் பார்சல் டில்லிக்குப் போய்த் திரும்பி வந்தாலும் முடிச்சு போட்ட இடத்தில் போட்டபடி இருக்கும். காலையில் மதுரையில் கார் கேரியரில் பூப்பொதியை ஏற்றும்போதே சொன்னேன், பூவைத்தானே கட்டுறீங்க, யானையையா கட்டுறீங்க என்று. வழியில் பறந்துபோனால் சம்பந்தி வீட்டில் என்ன முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது என்றார். கட்டினதோடு விட்டாரா? வாடிப்பட்டியில் டீ குடிக்க நிறுத்தினபோது, பூ வாடிவிடக் கூடாதென்று பாட்டில் தண்ணீரைத் திறந்து பொதி மேல் அபிஷேகம் பண்ணினார். சணல் கயிறு தண்ணீர் குடித்தால் உப்பும். உப்பினால் முடிச்சு இறுகும். இது பார்சல் ஆபீஸ்காரருக்குத் தெரிய வேண்டும், பி.டி. டீச்சரான எனக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது நிலக்கோட்டையில், பெண் வீட்டுக் கூடத்தில், ஜமுக்காளத்துக்கு நடுவில் அந்தச் சாக்குப்பொதி ஈரம் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருக்கிறது. சுற்றி நாலைந்து பெண்கள் முழங்கால் போட்டு நகத்தால் சுரண்டுகிறார்கள். என் கத்தி என் இடுப்பில் இருக்கிறது. பட்டுப்புடவைக்கு உள்ளே, உள்பாவாடையில் நானே பை வைத்துத் தைத்த இடத்தில், வலது பக்கம், உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக. ஒரு இழுப்பு இழுத்தால் போதும், அத்தனை பேரும் எழுந்து காப்பி குடிக்கப் போகலாம். இழுக்கக் கூடாது. கையை மடியில் வை இந்துராணி. மோதிரத்தைத் திருகு. ஃபேனைப் பார்.

இழுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் ஒன்றல்ல. முதல் காரணம் பெண்ணின் பெரியத்தை பேச்சியம்மாள். வெள்ளைத் தலைமுடியும் பெரிய மூக்குத்தியுமாகச் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து நிச்சயதார்த்தம் மொத்தத்தையும் கண்ணாலேயே நடத்துகிறவர். யாரோ ஒரு பெண் முதல் நிமிஷமே "அரிவாமனை கொண்டாரவா?" என்று எழுந்தாள். "உக்காருடி. நல்ல காரியத்துல இரும்பு படலாமா? மாப்பிள்ளை வீட்ல கட்டி வந்ததை அவுக்கணும், அறுக்கக் கூடாது. அறுத்தா என்ன அர்த்தம்?" என்றார். அவ்வளவுதான். அந்த அர்த்தத்தை யாரும் வாயால் சொல்லவில்லை, ஆனால் கூடம் முழுக்க அது வந்து உட்கார்ந்துவிட்டது. பெண் உள்ளே நாங்கள் கொண்டுவந்த பட்டைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். தலைக்கு வைக்க வேண்டிய பூவும் கழுத்துக்குப் போட வேண்டிய மாலையும் இந்தச் சாக்குக்குள். ஊரே பூ மார்க்கெட், தெருவெல்லாம் மல்லிகை, இருந்தாலும் நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பூவைத்தான் வைக்க வேண்டுமாம், வேறு பூவை வைத்துக்கொண்டு பெண் வெளியே வரக் கூடாதாம். அவள் வந்து உட்கார்ந்தால்தான் தட்டு மாற்றலாம். ராகுகாலம் வருவதற்குள் மாற்ற வேண்டும். பேச்சியம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார், முடிச்சைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். என்னை எதற்குப் பார்க்க வேண்டும்? தெரிந்திருக்குமோ? விருதுநகர்ப் பக்கத்துச் சங்கதி இங்கே வரைக்கும் வந்திருக்குமோ? சீ, இருக்காது. இரண்டாவது காரணம் என் மகன் சரண். எதிர்ச் சுவரோரம், புது வேட்டியில் உட்காரத் தெரியாமல் உட்கார்ந்துகொண்டு, முடிச்சைப் பார்க்காமல் என் வலது கையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். காலையில் கிளம்பும்போது என் கைப்பையை வாங்கித் திறந்து பார்த்தான். பெற்ற தாயைச் சோதனை போடுகிற பிள்ளை. "பையில இல்லடா" என்றேன். பொய்யா சொன்னேன்? பையில் இல்லை. "அம்மா, இன்னைக்கு ஒரு நாள். சுகிர்தா வீட்டுல எல்லாரும் பழைய ஆளுங்க. அந்தக் கத்தியை எடுத்து மானத்தை வாங்கிராதே." மானத்தை வாங்கிவிடுவேனாம். "நானா எடுக்க மாட்டேன், போதுமா?" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். அவன் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. எந்தப் பெண்ணையும் பார்த்து இப்படி ஆனவன் இல்லை. இவள் கிடைக்காவிட்டால் இவன் உடைந்துபோவான், எனக்குத் தெரியும், அவன் சொல்லாமலே தெரியும்.

ஆனால் மானம் என்ற வார்த்தைதான் தொண்டையில் மாட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. இந்தக் கத்தியால் எனக்கு மானம் வந்திருக்கிறது, போனதில்லை. என்னைப் போல அலைந்து ஒரு கத்தி வாங்கினவள் இந்தக் கூடத்தில் யார்? முதல் கத்தி சித்திரைத் திருவிழாப் பொருட்காட்சியில் வாங்கினது, சிவப்பு பிளாஸ்டிக் கைப்பிடி, கத்தி, கத்தரிக்கோல், பல்குத்தி, பாட்டில் திறப்பான் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. பார்க்க அவ்வளவு அழகு. ஒரு மாங்காயை வெட்டும்போது தானாகவே மடங்கி என் ஆள்காட்டி விரலைக் கவ்வியது. அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது, மோதிரம் திருகும்போதெல்லாம் கட்டைவிரல் அதில் இடறும். அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், மடக்குக் கத்திக்குப் பூட்டு இல்லாவிட்டால் அது கத்தி இல்லை, எலிப்பொறி. மறு தடவை மாசி வீதியில் ஒரு இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "சாரைக் கூட்டிட்டு வாங்கம்மா, அவருக்குத்தான் தெரியும்" என்றார். சாருக்குக் கயிறுதான் தெரியும், எடுங்க எல்லாத்தையும் என்றேன். கண்ணாடிப் பலகையில் வரிசையாக எடுத்து வைத்தார். ஒவ்வொன்றாகத் திறந்து, அலகைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆடினதையெல்லாம் தள்ளிவிட்டேன். திறந்ததும் டக்கென்று ஒரு சத்தம் வர வேண்டும், உள்ளே இருக்கிற தகடு வந்து அலகுக்குப் பின்னால் முட்டுக் கொடுக்கிற சத்தம். அந்தச் சத்தம் தெளிவாக வராததையும் தள்ளினேன். அலகு என் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு மேல் வேண்டாம், அதைவிடப் பெரிசு சண்டைக்காரனுக்கு. துருப் பிடிக்கிற இரும்பு வேண்டாம், எலுமிச்சை நறுக்கிவிட்டுக் கழுவ மறந்தால் கறுத்துவிடும். மடக்கினால் நுனி வெளியே துளிகூடத் தெரியக் கூடாது. ஈரக் கையில் வழுக்கக் கூடாது. ஒரு கையால் திறக்க வர வேண்டும், ஏனென்றால் இன்னொரு கை எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும், பொம்பளைக்கு எந்தக் காலத்தில் இரண்டு கையும் சும்மா இருந்திருக்கிறது? கடைசியில் கறுப்புக் கைப்பிடி போட்ட இதுதான் தேறியது. உள்ளங்கையில் வைத்து விரலை மூடினேன். அது அங்கேயே இருந்த மாதிரி இருந்தது. விலையைச் சொல்ல மாட்டேன், இவருக்கே இன்று வரை தெரியாது. கடைக்காரர் பில் போடும்போது, "எந்த ஸ்கூல் டீச்சர் நீங்க?" என்று கேட்டார், குரலே மாறியிருந்தது.

முடிச்சுக்கு இப்போது கொண்டை ஊசி வந்திருக்கிறது. கொண்டை ஊசியை இடுக்கில் விட்டு நெம்புகிறாள் ஒருத்தி. அது வளைந்து போகிறது. இன்னொருத்தி தாலிச் சரட்டில் இருந்து ஊக்கைக் கழற்றிக் குத்துகிறாள். ஊக்கு இரும்பு இல்லையா? கொண்டை ஊசி என்ன வாழைப்பட்டையில் செய்ததா? பேச்சியம்மாள் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருக்கிறார். குத்தினால் பரவாயில்லை, அறுத்தால்தான் தோஷம் போல. இவர், என் வீட்டுக்காரர், எழுந்து வந்து குனிந்து தானே ஒரு தடவை முயற்சி பண்ணுகிறார். "இந்த முனையைப் பிடிச்சு இப்படிச் சொருகி..." என்று பாடம் எடுக்கிறார். கட்டின கைக்கே அவிழவில்லை. நிமிர்ந்து அசடு வழியச் சிரிக்கிறார். அவர் என்னைப் பார்க்கிறார். பார்க்காதீங்க, பார்த்தால் என் கை தானாகப் போகும். எங்கள் வீட்டில் அப்படித்தானே நடக்கிறது, அவர் கட்டுவார், நான் அறுப்பேன், இத்தனை வருஷமாக எங்களுக்குள் சண்டை வராமல் ஓடுகிறதென்றால் அதனால்தான். ஊறுகாய் பாட்டில் வந்தால், மெத்தை வந்தால், தீபாவளிக்குத் தங்கச்சி அனுப்புகிற பட்சணம் வந்தால், அவர் கூடத்தில் நின்று "இந்து" என்பார், வேறு வார்த்தை கிடையாது. நான் வந்து டக்கென்று திறப்பேன். அவர் அந்தச் சத்தம் கேட்டதும் ஒரு அடி தள்ளி நிற்பார். அறுத்து முடித்து நான் மடக்கும் வரைக்கும் பேச மாட்டார். மடக்குவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கத்தியைத் திறக்க யாராலும் முடியும். மூடுவதில்தான் ஆள் தெரியும். பூட்டுத் தகட்டைக் கட்டைவிரலால் ஒதுக்க வேண்டும், மற்ற நாலு விரலும் அலகு வருகிற பாதையில் இருக்கக் கூடாது, அலகைப் பாதி மடக்கினதும் கட்டைவிரலை எடுத்துவிட்டு மீதியை மூட வேண்டும். எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். இவர் முழங்காலில் வைத்து அமுக்கி மூடுவார், பொட்டிக் கடையை மூடுகிற மாதிரி. ஸ்கூலில் கணக்கு டீச்சர் மூடவே தெரியாமல், பாம்பைப் பிடித்த மாதிரி நீட்டிக்கொண்டு "இந்தாங்க இந்தாங்க" என்று கத்துவார். என் மகன் இருக்கிறானே, திறந்த கத்தியை அப்படியே டைனிங் டேபிளில் போட்டுவிட்டுப் போவான், நான் பெற்ற பிள்ளை. பதற்றக்காரர்கள் வேகமாக மூடுவார்கள். அலட்சியக்காரர்கள் பார்க்காமல் மூடி விரலைக் கொடுப்பார்கள். நிதானமாக, விரல் இருக்கிற இடம் தெரிந்து மூடுகிறவர்களை நம்பி வீட்டுச் சாவியைக் கொடுக்கலாம். இன்று வரைக்கும் நான் அப்படி ஒருத்தரைக்கூடப் பார்த்ததில்லை, என்னைத் தவிர. இதைத் திமிர் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

"கத்தி டீச்சர்" என்றுதான் பிள்ளைகள் எனக்குப் பேர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு என் காதுபடவே சொல்வார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ரிலே ஓட்டத்துக்கு ரிப்பன் வெட்ட, கோகோ கம்பத்தில் சிக்கின கயிற்றை எடுக்க, வெயிலில் சுருண்டு விழுந்த பிள்ளைக்கு எலுமிச்சம்பழம் நறுக்க, எல்லாவற்றுக்கும் அது. அப்புறம் அந்தக் காலை. அதை நினைக்க வேண்டாம். நினைக்க வேண்டாம் என்று நினைக்கும்போதே வந்துவிடுகிறது. ஸ்கூல் வாசலில் ஒரு அம்மா ஸ்கூட்டரில் மகளைக் கொண்டுவந்து விடுகிறாள், பின்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் துப்பட்டா பின் சக்கரத்துக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. வண்டி நின்றுவிட்டது. ஆனால் துணி கழுத்தை இறுக்கிவிட்டது. பிள்ளையின் தலை பின்னால் வளைந்து, கண் வெளியே வந்து, வாய் திறந்து, சத்தம் மட்டும் இல்லை. அம்மாக்காரி துணியைப் பிடித்து இழுக்கிறாள், இழுக்க இழுக்க இறுகுகிறது. வாட்ச்மேன் கத்தரிக்கோல் எடுக்க ஆபீஸுக்கு ஓடுகிறார். ஆபீஸுக்கு! நான் அவ்வளவு வேகமாக எப்போதும் ஓடினதில்லை, மெடல் வாங்கின காலத்தில்கூட. கழுத்துக்கும் துணிக்கும் நடுவில் விரல் நுழைய இடமில்லை. அலகைப் படுக்கையாக விட்டேன், முதுகு அவள் கழுத்துப் பக்கம், கூர் வெளியே. திருப்பி வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு. துணி இரண்டாகப் போனது. அவள் இருமின சத்தம் இருக்கிறதே, அதைவிட நல்ல சத்தத்தை நான் இதுவரைக்கும் கேட்டதில்லை. கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. மறுநாள் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டு, "ஸ்கூலுக்குக் கத்தி கொண்டு வரலாமா டீச்சர்?" என்று கேட்டார். நாளைக்கும் கொண்டு வருவேன் மேடம் என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் ராத்திரிகளில் எனக்கு ஒரு பயம் வரும். நினைவில் அந்தப் பிள்ளை இருமுவதில்லை, நான் இடுப்பைத் தடவுகிறேன், பை காலியாக இருக்கிறது, வீட்டில் மேஜை மேல் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். எழுந்து போய்க் கத்தி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. சரணிடம் சொல்லியிருக்க வேண்டுமோ? சொல்லியிருந்தால் கைப்பையைச் சோதனை போடாமல் இருந்திருப்பானோ? இப்போதும் தொட்டுப் பார்க்கிறேன், புடவை மடிப்பைச் சரி செய்கிற மாதிரி. இருக்கிறது. சரண் கண்ணை உருட்டுகிறான். மடிப்பைத்தான்டா சரி பண்ணினேன்.

விருதுநகர்ப் பக்கம் என்ன பெரிய குற்றம் பண்ணிவிட்டேன்? போன வருஷம் ஒரு பெண் பார்க்கப் போனோம். ஸ்வீட் பாக்ஸின் டேப் பிரியவில்லை, பெண்ணின் அம்மா பல்லால் கடித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. எடுத்தேன், கிழித்தேன், மடக்கினேன், உள்ளே வைத்தேன், ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம். ஒரு வாரத்தில் தரகர் வந்து, "மாப்பிள்ளையோட அம்மா கத்தியும் கையுமா இருக்காங்களாம், பொண்ணைக் குடுக்கப் பயப்படுறாங்க" என்றார். நல்லதாகப் போயிற்று என்றேன், பல்லால் கடிக்கிற வீட்டில் என்ன சம்பந்தம். சரண் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அன்றைக்கு அவனுக்கு அந்தப் பெண் மேல் ஒன்றும் கிடையாது, வெட்கம்தான். இன்றைக்கு அப்படி இல்லை. சுகிர்தாவை எனக்கும் பிடித்திருக்கிறது, ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், ஹோட்டலில், நிமிர்ந்து உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டாள், எனக்கு அது பிடித்தது. தோட்டக்கலை படித்துவிட்டு ஏதோ நர்சரியில் வேலையாம், செடி கொடி விவகாரம், நான் அதிகம் கேட்டுக்கொள்ளவில்லை. என்னால் இது கெட்டுப்போனால்? கத்தியை எடுத்தால் பேச்சியம்மாள் எழுந்து உள்ளே போய்விடுவார். எடுக்காவிட்டால் ராகுகாலம் வந்துவிடும், அதுவும் அபசகுனம்தான், அடுத்த முகூர்த்தம் என்பார்கள், பேச்சு வளரும், விருதுநகர் வெளியே வரும். எடுத்தாலும் கெடுகிறது, எடுக்காவிட்டாலும் கெடுகிறது. இதில் எனக்கு மட்டுமே தெரிந்த வயிற்றெரிச்சல் ஒன்று, கத்தி இன்றைக்கு முழுக் கூரில் இல்லை. நேற்று சீர்த்தட்டுக்கு வாங்கின பழப்பெட்டிகளை எல்லாம் அறுத்தேன். அட்டைப்பெட்டி மாதிரி கத்திக்குச் சத்துரு கிடையாது, பார்க்கச் சாதுவாக இருந்துகொண்டு கூரைத் தின்றுவிடும். சாயங்காலம் கல்லில் நாலு இழுப்பு இழுக்கலாம் என்று உட்கார்ந்தேன், சரண் உள்ளே வந்தான், கல்லை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். நுனிப்பக்கம் கொஞ்சம் கடிக்காது. கொஞ்சம்தான். வேறு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், அதுவே ஒரு குறுகுறுப்பு, கிழிந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்த மாதிரி.

யாரோ "நம்ம வீட்டுப் பூவையே வச்சிருவமே" என்றார்கள். பெண்ணின் அப்பாதான், பாவம், நெற்றியைத் துடைத்துக்கொண்டே நிற்கிறார். "அப்ப எதுக்கு அவுகளைக் கொண்டாரச் சொன்னோம்?" என்று பேச்சியம்மாள் சீறினார். கடிகாரத்தில் பெரிய முள் நகர்ந்துகொண்டே இருக்கிறது. பெண்ணின் அம்மா குனிந்து, முடிச்சில் பல்லை வைத்தார். கடவுளே, இங்கேயுமா. சணல் பிசிறு அவர் உதட்டில் ஒட்டியிருக்கிறது, புது லிப்ஸ்டிக்கோடு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வலது கை மடியை விட்டு எழும்பினதை நான் பார்க்கவில்லை, ஆனால் எழும்பியது. "அம்மா" என்றான் சரண், மெதுவாகத்தான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. கை திரும்ப மடியில் உட்கார்ந்தது. அவ்வளவு கனமாக என் கை எப்போதும் இருந்ததில்லை. நானா எடுக்க மாட்டேன் என்று சொன்னேன், எடுக்கவில்லை. பிள்ளைக்காக ஒரு முடிச்சைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறேன், கத்தி டீச்சர், இந்துராணி, துப்பட்டாவை அறுத்துப் பிள்ளையைக் காப்பாற்றினவள்.

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. பூ இல்லாத தலையோடு, எங்கள் மயில் கழுத்துப் பட்டில், சுகிர்தா வந்து நின்றாள். "உள்ள போடி, பூ இல்லாம வெளிய வந்து நிக்கிறா" என்றார் பேச்சியம்மாள். "உள்ள வேர்த்துக் கொட்டுது பெரியத்தை. நல்ல நேரம் போயிட்டு இருக்கு, இன்னுமா அவுக்குறீங்க?" என்று சொல்லிக்கொண்டே பொதிக்குப் பக்கத்தில் வந்து புடவையை ஒதுக்கிக்கொண்டு குத்துக்காலிட்டாள். முடிச்சை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். "ஈரச் சணல். இது அவுராது" என்றாள், டாக்டர் சொல்கிற மாதிரி. பிறகு நேராக என் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, உங்க கத்தி கொண்டாந்திருக்கீங்கள்ல?"

சரணின் முகத்தில் ரத்தமே இல்லை. அவன்தான் அவளிடம் சொல்லியிருக்கிறான், எப்படிச் சொன்னானோ, அம்மாவைப் பற்றிக் குறையாகச் சொன்னானோ வேடிக்கையாகச் சொன்னானோ. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நானா எடுக்கவில்லை, கேட்கிறார்கள். பெண்ணே கேட்கிறாள். இடுப்புப் பைக்குள் கை போனது, வந்தது. உள்ளங்கையில் கறுப்பாக, மடங்கியபடி, வெதுவெதுப்பாக. நீட்டினேன். "கையில வாங்காதடி, கத்தியைக் கையில குடுத்து வாங்கினா பகை. கீழ வைக்கச் சொல்லு" என்று பேச்சியம்மாள் நாற்காலியில் இருந்து பாதி எழுந்துவிட்டார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், நானும் யாருக்கும் கையில் கொடுத்ததில்லை, கீழே வைத்து எடுக்கச் சொல்வதுதான் வழக்கம். குனியப் போனேன். சுகிர்தா கையை எடுக்கவில்லை, விரித்தபடியே வைத்திருந்தாள். "மடக்கித்தான இருக்கு பெரியத்தை. கூரு உள்ள இருக்கு, எங்களுக்குள்ள என்ன பகை வரப்போகுது?" என்றாள். என் கையில் இருந்து அவள் கைக்குள் அது போனது. டக். ஒரே கையில், கட்டைவிரலால், அலகு வெளியே வந்தது. இந்தச் சத்தத்தை இன்னொருத்தர் கையில் இவ்வளவு சுத்தமாக நான் கேட்டதில்லை. முடிச்சுக்கும் சாக்குக்கும் நடுவில் அலகைப் படுக்கையாக விட்டாள், முதுகு பூப்பக்கம், கூர் வெளியே. திருப்பினாள். வெளிப்பக்கமாக இழுத்தாள். பாதிக் கயிறு போனது, பாதி நின்றது. எல்லாம் அந்த அட்டைப்பெட்டி, அட்டைப்பெட்டி. அலகை நுனியில் இருந்து அடிப்பக்கம் நகர்த்திக்கொண்டு இன்னொரு இழுப்பு. கயிறு இரண்டாக விழுந்தது. சாக்கு விரிந்து, வாழையிலை விரிந்து, மல்லிகை வாசனை கூடம் முழுக்க அடித்தது. எல்லோரும் பேச்சியம்மாளைப் பார்த்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். "வீட்டுக்கு வரப்போற மருமக அவ கையால அறுத்தா அது அவுத்த மாதிரிதான். என்ன வேடிக்கை பாக்குறீங்க, பூவை எடுங்கடி" என்றார். கூடம் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது. பெண்கள் மாலையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சரண் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

நான் அதையெல்லாம் ஓரக்கண்ணால்தான் பார்த்தேன். என் கண் அவள் விரல்களில் இருந்தது. கட்டைவிரல் தகட்டை ஒதுக்கியது. மற்ற நாலு விரலும் பாதையை விட்டு விலகி முதுகுப் பக்கம் போயின. அலகு பாதி மடங்கியது. கட்டைவிரல் வெளியே வந்தது. மீதி மூடும் என்று நான் காத்திருக்க, அவள் நிறுத்தினாள். திரும்ப விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் அலகைச் சாய்த்துப் பார்த்தாள். இடது கைப் பெருவிரல் நகத்தில் நுனியை லேசாக வைத்து இழுத்தாள். அது வழுக்கியது. இன்னும் கொஞ்சம் கீழே வைத்து இழுத்தாள். அது நகத்தில் நின்றது. அவள் விரல் ஓரங்களில் மெல்லிசாகப் பழைய கீறல்கள், ரோஜாக் கொம்பை ஒட்டுக்கட்டுகிற கை, தினமும் கத்தி பிடிக்கிற கை. செடி கொடி விவகாரம் என்று நான் காதில் வாங்காமல் விட்டது இதைத்தான். அவள் என் பக்கமாகச் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"அத்தை, தப்பா நினைக்காதீங்க. நுனியில கூரு போயிருக்கு."

இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட என் கத்தியைக் குறை சொன்னதில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் யாரும் இருந்ததில்லை. கோபம்தான் முதலில் வந்தது, நிஜமான கோபம், காது சுட்டது. அது போன இடம் தெரியவில்லை. பின்னாலேயே என்னவோ ஒன்று நெஞ்சு முட்ட வந்தது.

"நேத்து அட்டைப்பெட்டி அறுத்தேன்" என்றேன்.

"அதான" என்று தலையாட்டிவிட்டு, பார்க்காமலே கத்தியை மடக்கினாள். விரல் ஒன்றுகூடப் பாதையில் இல்லை. "கல்லு வச்சிருக்கீங்களா?"

"இருக்கும்மா. நம்ம வீட்ல இருக்கு."